ஆளுக்கு ஒரு மூடி ஆயில்

1. சமுத்திரத்து ஆள்

தில்லியில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது கடல். எழுபதுகளின் பின்பாதி அது. ஓர் அரசுப் பொழுதுபோக்கு மையம், ஞாயிற்றுக்கிழமைகளில் யமுனையில் சவாரி விடுவதற்காக மோட்டார் படகு ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருந்தது. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு டெக்னிகல் அசிஸ்டென்ட் தேவைப்பட்டார். சாணக்யபுரியில் ஒரு விருந்தினர் மாளிகையில் நேர்காணல். துணை இயக்குநர் பத்ரா சாப் என் விண்ணப்பத்தின் முதல் வரியைப் படித்ததும் முகம் மலர்ந்தார்.

"மெட்ராஸ் சைடா? பஸ், போதும், அப்புறம் என்ன! சமுத்திரத்து ஆள்!"

நான் திண்டுக்கல். எங்கள் ஊரில் தண்ணீர் என்பது குடத்தோடு வரிசையில் நின்று வாங்குகிற பொருள். கிணற்றில் குதித்து நீச்சல் பழகலாம் என்றால் தண்ணீருக்கு முன்னால் பாறை வந்துவிடும். மெக்கானிகல் டிப்ளமோ படித்துவிட்டு ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருந்தவன் நான். படகில் கால் வைத்ததில்லை. இதையெல்லாம் சொன்னேன். தென்னாட்டுக்காரர்களுக்கே உரிய அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். "மாடஸ்ட் ஃபெலோ" என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது காதில் விழுந்தது.

ஆக, வேலை கிடைத்தது. நிரந்தரம் அல்ல, ப்ரொபேஷன். காலம் முடியும்போது பத்ரா சாப் 'சரி' என்றால் கன்ஃபர்ம். கன்ஃபர்ம் ஆனால் அரசுக் குவார்ட்டர்ஸ். ஆகாவிட்டால் திண்டுக்கல்லுக்கு ரயில். நானும் என் மனைவி செல்வியும் கரோல் பாக்கில் ஒரு மொட்டைமாடி அறையில் இருந்தோம். மே மாதத்தில் அது அடுப்பு, ஜனவரியில் அது ஐஸ்பெட்டி. செல்வி மாசமாக இருந்தாள். கைக்குழந்தையோடு அந்த அறையில் இருக்க முடியாது என்று வீட்டுக்காரரும் சொல்லிவிட்டார், எங்களுக்கும் தெரியும். கன்ஃபர்மேஷன் என்ற அந்த ஒற்றைச் சொல்லைச் சுற்றித்தான் எங்கள் நாள்கள் ஈயாக மொய்த்துக்கொண்டிருந்தன.

2. பெட்ரோலின் பதவி

படகைப் பற்றி முதல் நாள் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி அது மிதக்குமா என்பதல்ல.

"அரே முருகன், இதுக்கு என்ன ஊத்தறது?"

என் பெயர் முருகேசன். பத்ரா சாப்புக்கு முருகன் போதுமாக இருந்தது. அவர் பேசியது இந்தியும் ஆங்கிலமும். என் மனதில் பதிந்திருக்கிற தமிழில் எழுதுகிறேன்.

ஆற்றங்கரையில் கூடியவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். லாரியே டீசலில் ஓடும்போது இந்தச் சின்னப் படகு ஓடாதா என்றார் ஒருவர். மண்ணெண்ணெய் என்றார் இன்னொருவர், அவர் வீட்டில் ஸ்டவ் நன்றாக எரிகிறதாம். விமானத்துக்கு ஊற்றுகிற பெட்ரோல்தான் சுத்தம், மச்சான் விமானப் படையில் இருக்கிறான் என்றார் பத்ரா சாப். எஞ்சினோடு வந்த குறிப்பில் சாதாரண பெட்ரோல் என்று தெளிவாகப் போட்டிருந்தது. படம் போட்டும் காட்டியிருந்தது. படத்தில் இருந்தவன் வெள்ளைக்காரன், அவன் ஊர் பெட்ரோல் வேறு என்றார்கள்.

அந்தக் காலத்தில் பம்புகளில் இரண்டு வகை பெட்ரோல். எண்பத்து மூன்று ஆக்டேன், தொண்ணூற்று மூன்று ஆக்டேன். நம் எஞ்சினுக்கு எண்பத்து மூன்று தாராளம் என்றேன். பத்ரா சாப் யோசித்தார்.

"சரி. ஸ்டாஃப் போகும்போது எண்பத்து மூணு. ஆபீசர் போகும்போது தொண்ணூத்து மூணு."

"சார், எஞ்சினுக்கு யார் உட்கார்ந்திருக்காங்கன்னு தெரியாது."

"ஆபீசருக்குத் தெரியும்ல?"

தெரியும்தான். டேங்க் என்பது கையில் தூக்கிச் செல்கிற ஒரு சிவப்புத் தகரப் பெட்டி. அதிகாரி இறங்கியதும் மிச்சமிருந்த தொண்ணூற்று மூன்றை வடித்து எடுத்துவிட்டு, எண்பத்து மூன்றை ஊற்றி, அப்புறம்தான் குமாஸ்தாக்களின் குடும்பங்களை ஏற்றினோம். ஒருமுறை அவசரத்தில் வடிக்க மறந்து ஒரு டைப்பிஸ்ட் குடும்பம் தொண்ணூற்று மூன்றில் போய்விட்டு வந்தது. அவர்கள் ஒன்றும் அதிகச் சந்தோஷமாகத் திரும்பியதாகத் தெரியவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிவிடுகிறேன்: ஆக்டேன் எண் பெட்ரோலின் பதவி அல்ல. எஞ்சின் எவ்வளவு அழுத்தத்தில் அதை நெருக்குகிறதோ அதை 'டக் டக்' என்ற தட்டல் எழாமல் தாங்கும் திறன், அவ்வளவுதான். குறைந்த அழுத்தத்தில் ஓடுகிற எஞ்சினுக்கு உயர்ந்த ஆக்டேன் ஊற்றினால் வேகம் கூடாது. ஊற்றியவருக்கு மரியாதை கூடலாம்.

3. ஹோமம்

டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு உள்ளே தனியாக ஆயில் கிடையாது. பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்துவிட வேண்டும். பெட்ரோல் எரியும், ஆயில் போகிற வழியில் பிஸ்டனையும் பேரிங்கையும் தடவிக் கொடுத்துவிட்டுப் போகும். நம் எஞ்சினுக்கு ஐம்பது பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில். கூடினால் புகை, பிளக்கில் கரி. குறைந்தால் உராய்வு. அறவே இல்லாவிட்டால் பிஸ்டன் உருகி சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். அதோடு எஞ்சின் கதை முடிந்தது.

இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுக்க முடியாத ஒரே ஊர் தில்லி. காரணம் ஸ்கூட்டர். அதுவும் டூ ஸ்ட்ரோக்தான். ஸ்கூட்டர் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் ஆயில் விஷயத்தில் நிபுணர். பம்புக்காரன் ஏமாற்றுவான், குறைவாகப் போடுவான், ஆகவே நம் பங்குக்கு ஒரு மூடி போட்டுவிடுவது நல்லது என்பது அந்த ஊரின் மதம். ஆயில் டின்னின் மூடிதான் அளவு. யாரும் யாரிடமும் கேட்பதில்லை. கேட்டால் நிபுணத்துவம் போய்விடுமே!

குளிர்காலத்துச் சவாரியைத் தொடங்கி வைக்க, எங்களுக்கெல்லாம் மேலே உள்ள ஜாயின்ட் செக்ரட்டரி மனைவியோடு வருவதாக ஏற்பாடு. ஓக்லா அணைக்கு மேலே, ஆறு அகன்று தேங்கி நிற்கிற இடத்தில் எங்கள் படகுத்துறை. அந்த ஞாயிறு காலையில் யமுனை பால் ஆடை படிந்தாற்போலக் கிடந்தது. காற்றே இல்லை. மூடுபனிக்குள்ளிருந்து ஒரு கொக்கு வந்தது, எங்களைப் பார்த்தது, திரும்பிப் போய்விட்டது. அதற்கு ஏதோ தெரிந்திருக்க வேண்டும்.

நான் அளந்து ஆயிலைக் கலந்தேன். குலுக்கினேன். டேங்கைப் படகில் வைத்துக் குழாயை மாட்டினேன். ஜாயின்ட் செக்ரட்டரியும் மேடமும் வந்தார்கள். மேடம் புதுப் பட்டுப்புடவையில் இருந்தார். தாம் வெறும் மேசை அதிகாரி அல்ல என்று காட்ட விரும்பிய பத்ரா சாப், டேங்கின் மூடியைத் திறக்கச் சொன்னார். ஆயில் டின்னை வாங்கி, மூடியில் நிறைய ஊற்றி, ஹோமத்தில் நெய் விடுகிற பாவனையில் உள்ளே விட்டார். "என் கையால்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

எஞ்சின் உறுமியது. படகு நடு ஆற்றுக்குப் போனது. பிறகு புகை வந்தது.

நீலப் புகை. முதலில் ஒரு நூல், பிறகு ஒரு தாவணி, பிறகு ஒரு மலைத்தொடர். காற்றில்லாததால் அது எங்கும் போகாமல் படகின் மேலேயே குடியேறியது. கரையில் நின்ற நாங்கள் இருமலை மட்டும் கேட்டோம். எஞ்சின் இரண்டு தரம் விக்கி நின்றுவிட்டது. படகோட்டி சுக்பீர் துடுப்பை எடுத்து வலித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். படகு வந்த வழியெல்லாம் தண்ணீரின் மேல் எண்ணெய் வானவில்லாக நெளிந்துகொண்டிருந்தது. அன்று பார்க்க அழகாக இருந்தது அது ஒன்றுதான். பட்டுப்புடவையைப் பற்றி எழுத வேண்டாம்.

பிளக்கைக் கழற்றினேன். அடுப்புக்கரியை ஆயிலில் தோய்த்தாற்போல இருந்தது.

4. விசாரணை

சவாரி முடிந்ததும் ஆற்றங்கரையிலேயே விசாரணை.

பெட்ரோல் வாங்கி வரும் பொறுப்பு சூப்பரின்டென்டென்ட் சீனிவாசன் சாருடையது. கும்பகோணத்துக்காரர். தில்லிக்கு வந்து தலை நரைத்தவர். ஸ்கூட்டர் வைத்திருந்தார். அவரைத்தான் முதலில் கேட்டேன்.

"சார், பம்பிலேயே ஆயில் கலந்தா வாங்கினீங்க?"

"பின்னே? மிக்ஸ் பண்ணித்தாண்டாப்பா கொடுன்னேன். ஆனா அந்தப் பம்புக்காரப் பையா மேல எனக்கு நம்பிக்கை இல்லே. கண்ணை மூடிண்டு ஊத்தறான். அதான் வழியிலே நிறுத்தி நானும் ஒரு மூடி..."

"நீங்களுமா?"

"ஒரே ஒரு மூடிடா. ஸேஃப்டிக்கு."

சுக்பீர் தலையைச் சொறிந்தான். "பாபுஜி, எஞ்சின் சூடாவுது. பாவம். நான் காலையில ஒரு மூடி போட்டேன்."

அதற்கு மேல் நான் அளந்து ஊற்றியது. ஏற்கெனவே கலந்து வந்ததை நான் கேட்கவில்லை, அவர்கள் சொல்லவில்லை. அதற்கும் மேலே ஒரு மூடி. அது யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஆற்றைப் பார்த்தோம்.

பத்ரா சாப் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். நின்றார்.

"இனிமே யாரும் பெட்ரோல்ல எதுவும் போடக் கூடாது. ஒரு சொட்டுகூட. புரிஞ்சுதா? போட்டா நௌக்ரி காலி. பம்புல சுத்தமான பெட்ரோல் வாங்கு, அப்படியே ஊத்து."

"சார், ஆயிலே இல்லாம ஓட்டினா..."

"முருகன்! நீ டெக்னிகல் அசிஸ்டென்ட். அசிஸ்ட் பண்ணு. டெக்னிகலை நான் பார்த்துக்கறேன். கன்ஃபர்மேஷன் வேணுமா வேணாமா?"

வேண்டும். அது அவருக்கும் தெரியும்.

சீனிவாசன் சார் பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்தார். தன் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு வந்தார், என் மேல் அவ்வளவு அக்கறை.

"முருகேசா, நான் சொல்றதைக் கேளு. ஆயில் போடாதே. எஞ்சின் போனா கவர்மென்ட் எஞ்சின் போச்சு. உத்தரவை மீறினா நீ போயிடுவே. எஞ்சினுக்கு ஸ்பேர் வரும்."

"நடு ஆத்துல நின்னா சார்? கீழே அணை இருக்கு. ஷட்டர் திறந்திருந்தா படகை இழுத்துடுமே."

"அப்போ நீ படகுலே ஏறாதே" என்றார் அவர். அன்பாகத்தான் சொன்னார்.

5. பஜ்ஜி மடித்த காகிதம்

ஜாயின்ட் செக்ரட்டரி பெரிய மனிதர். மறுபடியும் வருவதாகச் சொல்லி அனுப்பினார். அதற்கு முந்தின மாலை கரோல் பாக்கில் செல்விக்குப் பஜ்ஜி ஆசை வந்தது. வாங்கி வந்தேன். அவள் பஜ்ஜியைத் தின்றுவிட்டுக் காகிதத்தை விளக்குக்கு நேரே பிடித்தாள்.

"என்னங்க, இந்தப் பக்கத்து நியூஸே அந்தப் பக்கம் தெரியுது. எம்புட்டு எண்ணெய் பாருங்க."

பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"என்ன, காகிதத்தைத் திங்கப் போறீங்களா?"

"நாளைக்கு டேங்க்ல ஆயில் இருக்கா இல்லையான்னு யாரும் உண்மை சொல்ல மாட்டாங்க செல்வி. போட்டவன் பயத்துல போடலைம்பான். போடாதவன் வீம்புக்குப் போட்டேம்பான். இது சொல்லும்."

"சொல்லட்டும். சொன்னதுக்கு அப்புறம் என்ன செய்வீங்க?"

அதுதான் கேள்வி. ஆயில் இருந்து நானும் ஊற்றினால் மறுபடி புகை, வேலை காலி. இல்லாமல் நான் ஊற்றினால் உத்தரவு மீறல், வேலை காலி. இல்லாததை அப்படியே விட்டால் நடு ஆற்றில் நாலு உயிர்.

"என்ன செஞ்சாலும் ரயில்தான்னா, தலை நிமிந்து ரயில் ஏறுங்க" என்றாள் அவள். பிறகு கொஞ்சம் யோசித்து, "லோயர் பெர்த்தா பார்த்துப் போடுங்க, என்னால ஏற முடியாது" என்றாள்.

6. ஏறுங்கள் சார்

மறுநாள் சீக்கிரம் போய்விட்டேன். ஒரு சின்னப் புட்டியில் ஐம்பதுக்கு ஒன்று என்று சரியாக அளந்து கலந்துகொண்டேன். செய்தித்தாளின் ஓரத்தில் அதிலிருந்து ஒரு சொட்டு. பக்கத்தில் டேங்கிலிருந்து ஒரு சொட்டு. ஊதிவிட்டுக் காத்திருந்தேன். பெட்ரோல் ஆவியானது. புட்டிச் சொட்டு இருந்த இடத்தில் மெல்லிய கண்ணாடிப் பொட்டு ஒன்று தங்கியது. டேங்க் சொட்டு இருந்த இடத்தில் செய்தித்தாள் மட்டும் இருந்தது. மூடி மூடியாக ஊற்றிய அத்தனை கைகளும் இந்த முறை கட்டுப்பட்டிருந்தன. தில்லியில் ஓர் உத்தரவு முழுமையாக நிறைவேற்றப்பட்டதை நான் பார்த்தது அன்றுதான்.

எல்லோரும் வந்தார்கள். மேடம் இந்த முறை பருத்திப் புடவை, கையில் தயாராகக் கைக்குட்டை. வெயில் அடித்தது. அணையின் பக்கம் ஒரு ஷட்டர் திறந்திருந்தது. அந்த இரைச்சல் ஒரு பெரிய மிருகம் தூக்கத்தில் மூச்சு விடுகிற மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தது.

"ஸ்டார்ட் கரோ" என்றார் பத்ரா சாப்.

"சார், டேங்க்ல ஆயில் இல்லை. டெஸ்ட் பண்ணிட்டேன்."

"வெரி குட். உத்தரவு அதானே? ஸ்டார்ட் பண்ணு."

நான் வேலை பார்த்த நூற்பாலையில் ஒரு வழக்கம் உண்டு. லிஃப்டைப் பழுது பார்த்த ஃபிட்டர்தான் முதலில் அதில் ஏறி மேலே போய் இறங்கிக் காட்ட வேண்டும். 'சரியாகிவிட்டது' என்று சொன்ன சூப்பர்வைசரும் கூட ஏற வேண்டும். அந்த ஆலையில் லிஃப்ட் அறுந்து நான் கேள்விப்பட்டதில்லை. ஏன் அது அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது என்று தெரியவில்லை.

"பண்றேன் சார். நானும் ஏறறேன். நீங்களும் ஏறுங்க."

"நான் எதுக்கு?"

"ஆயில் வேண்டாம்னு நீங்க சொன்னீங்க. சரியா ஓடுதான்னு கூட இருந்து பாருங்க சார். எங்க மில்லுல அப்படித்தான்."

சீனிவாசன் சார் கண்ணை மூடிக்கொண்டார். ஜாயின்ட் செக்ரட்டரி அதுவரை ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவர், திரும்பினார்.

"நல்ல வழக்கமா இருக்கே. வாங்க பத்ரா, இடம் இருக்கு."

பத்ரா சாப் படகைப் பார்த்தார். அந்த மையத்துக்குப் பொறுப்பேற்ற நாளிலிருந்து ஒருமுறையும் அதில் அவர் ஏறியதில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. திறந்த ஷட்டரைப் பார்த்தார். அந்த இரைச்சலைக் கேட்டார். பிறகு என் காதருகே குனிந்தார்.

"ஆயில் இல்லேன்னா என்ன ஆகும்?"

"கொஞ்ச தூரம் ஜோரா போகும் சார். அப்புறம் ஜாம் ஆயிடும். அப்புறம் ஆறு எங்க கூட்டிட்டுப் போகுதோ அங்க."

"அச்சா" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "எவ்வளவு போடணும்?"

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து, பதிலைக் கேட்பதற்காகவே என்னிடம் கேட்கப்பட்ட முதல் டெக்னிகல் கேள்வி. அளந்து ஊற்றினேன். குலுக்கினேன். மறுபடி ஒரு சொட்டைக் காகிதத்தில் வைத்து இரண்டு பொட்டும் ஒன்றாக இருப்பதைக் காட்டினேன். பத்ரா சாப்பின் கை பழக்கதோஷத்தில் ஆயில் டின்னின் மூடியை நோக்கி நீண்டது.

"பஸ், பத்ரா சாப்" என்றார் மேடம், கைக்குட்டையை மூக்கருகே கொண்டுபோனபடி.

கை திரும்பிவிட்டது.

7. நடு ஆற்றில்

புகை இல்லை. எஞ்சின் தையல் மெஷின் மாதிரி ஓடியது. தண்ணீர் இரண்டு பக்கமும் கிழிந்து வெள்ளையாகச் சுருண்டது. மேடம் சிரித்தார். சுக்பீர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு ஊர்வலத்தில் போகிறவன் போல உட்கார்ந்திருந்தான். எனக்கும் பயம்தான். ஆனால் என் கையில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற த்ராட்டில் இருந்தது. பத்ரா சாப்பின் கையில் படகின் விளிம்பு மட்டும் இருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

மேலே கொஞ்ச தூரம் போய், திரும்ப வேண்டிய இடம் வந்தது. அந்த நேரம் பார்த்து ஜாயின்ட் செக்ரட்டரி கேட்டார்:

"பத்ரா, இந்தப் பையன் பெர்மனென்ட்தானே?"

பத்ரா சாப் வாயைத் திறந்தார். "சார், அது ரிவ்யூ பண்ணணும். ப்ரொபேஷன்ல சில பாயின்ட்ஸ்..."

வேகத்தில் திருப்பினால் படகு சாயும். ஆகவே வேகத்தைக் குறைத்தேன். சத்தியமாக அதற்காகத்தான் குறைத்தேன். எஞ்சின் சத்தம் உறுமலிலிருந்து முனகலாக இறங்கியது. தூரத்தில் அணையின் இரைச்சல் மட்டும் தெளிவாக மேலே எழுந்தது.

பத்ரா சாப்பின் முகம் வெளுத்துவிட்டது. "நிக்குதா? முருகன், நிக்குதா?"

"பார்க்கறேன் சார்."

"பெர்மனென்ட் சார்!" என்றார் அவர் ஜாயின்ட் செக்ரட்டரியைப் பார்த்து, ஆறு முழுக்கக் கேட்கும்படி. "பையன் பெர்மனென்ட்! நாளைக்கே பண்ணிடறேன்!"

படகைத் திருப்பினேன். பிறகு வேகத்தைக் கூட்டினேன்.

குவார்ட்டர்ஸ் குழந்தை பிறப்பதற்கு முன்பே கிடைத்தது. தரைத்தளம். செல்வி லோயர் பெர்த் என்று அதற்குப் பெயர் வைத்தாள்.

படகுப் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்கள் இவற்றைக் குறித்துக்கொள்ளலாம். எஞ்சின் கேட்கிற பெட்ரோலை ஊற்றுங்கள், பதவி கேட்கிறதை அல்ல. ஆயிலைக் கலப்பது ஒரே கையாக இருக்கட்டும், அந்தக் கைக்குரியவர் முதல் சவாரியில் படகில் இருக்கட்டும். சந்தேகம் வந்தால் ஆள்களைக் கேட்காதீர்கள், காகிதத்தில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். ஆயிலே வேண்டாம் என்று யாராவது உத்தரவு போட்டால் வாதாடி நேரத்தைப் போக்க வேண்டாம். மரியாதையாகக் கை கொடுத்து அவரைப் படகில் ஏற்றி உட்கார வையுங்கள். திரும்புகிற இடத்தில் வேகத்தைக் குறையுங்கள்.